சட்டைக்குள் வானிலை

சரக்குக் கப்பலின் பின்தளத்தில், கயிற்றுச் சுருள்களுக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் ஒரு வெள்ளை இரும்புப் பெட்டி இருந்தது. உள்ளே ஓர் ஆள் நின்று வேலை செய்யலாம். கையை நீட்டிச் சோம்பல் முறிக்க முடியாது. ஒரு பக்கம் ஹீலியம் சிலிண்டர்கள், எதிர்ப்பக்கம் ஒரு மேசை, மேசைமேல் ஒரு கணினித் திரை. கூரை திறக்கும். காலையில் ஒரு பலூன், சாயங்காலம் ஒரு பலூன். கடலுக்கு மேலே வெகு உயரத்தில் என்ன காற்று அடிக்கிறது, எவ்வளவு குளிர் என்று தெரிந்துகொள்ள அங்கே யாரும் கொட்டகை போட்டு உட்கார முடியாது. போகிற கப்பல் போகிற வழியில் ஊதிவிட்டுப் போகட்டும் என்று வானிலை ஆபீஸ்காரர்கள் கப்பல் கம்பெனியோடு பேசி அந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த வேலை வந்து விழுந்தது முதுகு பிசகிய ஒருவன் தலையில். மூட்டை தூக்கி, சங்கிலி இழுத்து, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து வயிறு வளர்த்தவன். ஒரு நாள் சரக்கு அறை மூடியைத் தள்ளும்போது இடுப்பில் ஏதோ சட்டென்று விட்டுப் போயிற்று. அன்றிலிருந்து அவனால் ஆள் பாரம் தூக்க முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தபோது கேப்டன், "இவனுக்கு அந்தப் பலூனைக் குடுங்க, அது தானே மேல போயிடும்" என்றார். அன்று முதல் கப்பலில் அவன் பெயர் பலூன்காரன்.

சமையல்காரர் அவனுடைய மனைவியின் அண்ணன். கேலி செய்ய அவருக்கு உரிமை இருந்தது, பொழுதும் இருந்தது.

"மாப்ளே, நாங்கல்லாம் ஒழைச்சு சாப்பிடுறோம். நீ ஊதி சாப்பிடுற."

"நீங்க அடுப்பை ஊதுறீங்க, நான் பலூனை ஊதுறேன். ரெண்டும் ஒண்ணுதான் மச்சான்."

வேலை பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். பலூனை ஆள் உயரத்துக்கு மேல் ஊத வேண்டும். அதன் அடியில் நீளமான நூல். நூல் நுனியில் கைக்கு அடக்கமான வெள்ளைத் தெர்மகோல் டப்பா. டப்பாவிலிருந்து வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பியைக் கப்பலில் மூக்கு என்பார்கள். அந்த மூக்குதான் சூட்டையும் ஈரத்தையும் முகர்ந்து சொல்லும். டப்பா தான் இருக்கும் இடத்தையும் சேர்த்து நொடிக்கு நொடி ரேடியோவில் சொல்லிக்கொண்டே மேலே போகும். உச்சிக்குப் போனதும் பலூன் வெடிக்கும், டப்பா விழும், கடல் விழுங்கும். போனது போனதுதான். நாளைக்கு வேறு டப்பா.

இதில் அவன் செய்த ஒரு தப்பு கப்பல் முழுக்கப் பிரசித்தம். குளிர்க் கடலில் டப்பாவின் பேட்டரி சுணங்கும். மேலே போகிற வழியிலேயே உயிரை விட்டுவிடும். ஆகவே அவன் பலூன் ஊதி முடிக்கும் வரை டப்பாவைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்வான். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. அவனுடைய மகள் மாதம் நிறையாமல் பிறந்தபோது, ஆஸ்பத்திரி நர்ஸ் அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, அந்த எலிக்குஞ்சு மாதிரி உயிரை உள்ளே வைத்து மூடிவிட்டாள். "உங்க சூடு போதும், அசையாம உக்காருங்க" என்றாள். பல நாள் அப்படியே உட்கார்ந்திருந்தவன். சட்டைக்குள் வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்பது அவன் உடம்புக்குத் தெரியும்.

ஒரு காலை, டப்பாவைச் சட்டையிலிருந்து எடுத்த கையோடு நூலில் மாட்டிப் பறக்கவிட்டுவிட்டான். மூக்குக்கு வெளிக்காற்றை முகர நேரம் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து கேப்டனுக்குச் செய்தி வந்தது: உங்கள் கப்பல் தளத்தில் வெப்பம் முப்பத்திரண்டு டிகிரி, சுற்றிலும் பனிக்கட்டிக் கடல், தீ ஏதும் பிடித்திருக்கிறதா, உதவி தேவையா.

சமையல்காரர் அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "என் தங்கச்சி புருசன் ஒடம்புச் சூட்டுல கரையில இருக்கிறவன் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டிருக்கான்."

இந்தக் கதை நடந்த நாளில் விடிந்தது முதல் மூடுபனி. கப்பலின் முன்பக்கம் நின்றால் பின்பக்கம் தெரியாது. கடல் இருக்கிறது என்பதே அடிவயிற்றில் தண்ணீர் அடிக்கிற சத்தத்தில்தான் தெரிந்தது. பலூன் கூரையைத் தாண்டியதும் பாலில் விழுந்த பஞ்சு மாதிரிக் காணாமல் போயிற்று. வழக்கமாக மேல்காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு எங்கோ கொண்டுபோய்விடும். அன்று மேல்காற்று சோம்பேறியாகக் கிடந்தது. பலூன் நேரே ஏறி, வெடித்து, கப்பல் போகிற பாதைக்குக் கொஞ்சம் தெற்கே தள்ளி இறங்கத் தொடங்கியது.

வெடித்ததும் வேலை முடிந்தது. திரையை அணைத்துவிட்டு வரலாம். ஆனால் அணைத்தால் போசன் பார்த்துவிடுவார். டெக் ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி அவர். சும்மா இருக்கிறவன் கையில் துரு சுரண்டும் தகட்டைத் திணிக்காமல் தூங்கமாட்டார். ஆகவே பலூன்காரன் திரையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். சமையல்காரர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவரும் சிலிண்டர் ஓரம் ஒடுங்கி, கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

டப்பா கடல்மட்டத்துக்கு வந்தது. வெப்பம் ஆறு டிகிரி. இனி சிக்னல் செத்துவிடும் என்று அவன் டீயை ஊதினான். சாகவில்லை.

எண்கள் வந்துகொண்டே இருந்தன. ஆறு. ஆறு. ஒன்பது. பதினான்கு.

"என்ன மாப்ளே, கடல் கொதிக்குதா?"

"தெரியல மச்சான்."

இருபத்தொன்று. இருபத்தாறு. அங்கே போய் நின்றது. கரையில் இருக்கிறவன் இதைப் பார்த்தால் கருவி கெட்டுவிட்டது என்பான். பலூன்காரன் டீயைக் கீழே வைத்தான். முன்பு அவன் செய்த தப்பு திரையில் எப்படித் தெரிந்தது என்பது அவனுக்கு மனப்பாடம். அன்று கேப்டன் அந்தக் கோட்டை அச்செடுத்து அவன் மூஞ்சிக்கு முன்னால் நீட்டியிருந்தார். சட்டைக்குள் போனதும் இப்படித்தான் மளமளவென்று ஏறி, ஓர் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"மச்சான், இது யாரோ சட்டைக்குள்ள வச்சிருக்காங்க."

சமையல்காரர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "வெயில் பட்டிருக்கும்டா."

"வெளிய வெயில் இருக்கா?"

"மீன் முழுங்கியிருக்கும்."

"மீன் ஒடம்பு சூடாவா இருக்கும்? நீங்கதானே தினமும் வெட்டுறீங்க."

அப்போதுதான் அவன் கீழே இருந்த ஈரக் கோட்டைப் பார்த்தான். காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லும் கோடு. மூடுபனியில் அது உச்சியிலேயே அசையாமல் கிடக்க வேண்டும். அது மெல்ல இறங்கியது. நின்றது. ஏறியது. மறுபடி இறங்கியது. ஏறியது. அலை ஆட்டமல்ல, கப்பல் ஆடிய தாளத்தோடு அது சேரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் அவனுடைய மூச்சும் தானாக அதோடு சேர்ந்துகொண்டது. கோடு ஏறும்போது விட்டான், இறங்கும்போது இழுத்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. அந்தக் கோடு அவ்வளவு நிதானமாகப் போயிற்று.

சமையல்காரர் வாயிலிருந்த டீயை விழுங்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு விழுங்கிவிட்டு, "அணைச்சிரு மாப்ளே" என்றார். "எனக்கு இது நல்லதா படல."

அவன் எழுந்து கேப்டனிடம் போனான்.

கேப்டன் கெட்டவரல்ல. ஒருமுறை சூடு பட்டவர். முந்தைய கப்பலில், மூழ்குகிற படகிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், எந்தத் துறைமுகமும் இறக்கவிடாமல் வாரக்கணக்கில் நங்கூரம் போட்டு நின்றவர். கம்பெனி அவரைப் பேசிய பேச்சு அவர் காதிலேயே தங்கிவிட்டது.

"டப்பா மூச்சு விடுதா?" என்றார். "குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க, நான் போயி துரு சுரண்டுறேன்."

கேப்டன் வந்தார். அந்தப் பெட்டிக்குள் குனிந்துதான் நிற்க முடிந்தது. கோட்டைப் பார்த்தார். நேரம் போயிற்று. தன் மூக்கையும் வாயையும் கையால் பொத்திக்கொண்டு, கோட்டோடு கூட மூச்சை அடக்கிப் பார்த்தார். கோடு ஏறுவதற்குள் அவரால் முடியாமல் கையை எடுத்தார். வெப்பம் இருபத்தைந்தரைக்கு இறங்கியிருந்தது.

"எந்தப் பக்கம்?" என்றார்.

கப்பல் திரும்பியது. மூடுபனிக்குள் ஊதுகுழல் மாடு கத்துகிற மாதிரிக் கத்திக்கொண்டே போயிற்று. டப்பா தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்ததால் தேட வேண்டிய வேலை இல்லை. ஆனால் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. திரையில் அது பக்கத்தில் வந்தது, இன்னும் பக்கத்தில் வந்தது, கப்பலை ஒட்டியே நின்றது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தவர்களுக்கு வெள்ளைதான் தெரிந்தது. போசன் வாய்விட்டுச் சொன்னார்: "கப்பலுக்கு அடியில இருக்குதுங்கிறான். அடியில என்னய்யா இருக்கும்?"

அப்போது ஆரஞ்சு நிறத்தில் ஒன்று பனியைத் தள்ளிக்கொண்டு வந்து இரும்பில் மோதியது. கப்பல் மூழ்கினால் ஏறித் தப்புகிற காற்றடைத்த மிதவை. மேலே துணிக் கூரை. கூரை ஓட்டையில் ஒரு முகம்.

கயிற்று ஏணியில் போசனும் பலூன்காரனும் இறங்கினார்கள். முதுகு கெட்டவன் ஏன் இறங்கினான் என்றால், யாரும் அவனைத் தடுக்கவில்லை என்பதுதான் பதில். மிதவைக்குள் கணுக்கால் தண்ணீர், மூத்திர நாற்றம். முகம் காட்டியவன் தாடிக்காரன், தோள் அகன்றவன். ஏணியைக் கண்டதும் போசன் கையைப் பிடித்துத் தொங்கினான். மூச்சு வாங்கியது அவனுக்கு, ஓடி வந்த நாய் போல.

உள்ளே ஓரத்தில் இன்னொருவன் கிடந்தான். ஒல்லியான ஆள். கழுத்து வரை மூடிய கனத்த சட்டை. கண் பாதி திறந்திருந்தது, மேலே பனி விழுந்தும் இமைக்கவில்லை.

"அவன் போயிட்டான்," என்றான் தாடிக்காரன். "ரெண்டு நாளாச்சு. விட்டுடுங்க. என்னை ஏத்துங்க."

பலூன்காரன் அந்த ஆளின் கன்னத்தைத் தொட்டான். மீன் பெட்டியில் கை விட்ட மாதிரி இருந்தது. கழுத்தில் விரல் வைத்தான். அவனுடைய விரலே கட்டையாகிப் போயிருந்தது. அதில் எதுவும் தெரியவில்லை. ஒரு கையை மடக்கிப் பார்த்தான், மடங்க மறுத்தது.

மேலிருந்து கேப்டன் ஒலிபெருக்கிக் குழலில் கத்தினார். அலை கூடுகிறது, மிதவை இரும்பில் அடித்துக் கிழிந்துவிடும், உயிரோடு இருக்கிறவனை ஏற்றிக்கொண்டு வாருங்கள். பிணத்துக்காக இன்னொரு உயிர் போக வேண்டாம்.

தாடிக்காரனை இடுப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். மிதவை தன்பாட்டுக்கு விலகி, மறுபடி வெள்ளைக்குள் போயிற்று. பலூன்காரன் ஏணியில் நின்று அதைப் பார்த்தான். டப்பாவை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. தாடிக்காரன் சட்டைக்குள் இருக்கும், மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

கப்பல் பழைய பாதைக்குத் திரும்பியது. போசன் அவன் தோளில் தட்டி, "இன்னிக்கு ஒனக்குத் துரு வேலை கெடையாது" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது. தாடிக்காரனைக் கப்பலின் சிகிச்சை அறையில் படுக்கவைத்து, சமையல்காரர் சூப்பும் ரொட்டியும் கொண்டுபோனார். ஒருவனைப் பிழைக்க வைத்த கப்பலில் எல்லாருக்கும் நடை கொஞ்சம் மாறிவிடுகிறது. பலூன்காரனும் ஒரு மிதப்பில்தான் பெட்டிக்குப் போனான், திரையை அணைக்க.

திரையில் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் முதலில் அதைப் பழைய கோடு என்று நினைத்தான். எண் மாறியது. இருபத்திரண்டு. டப்பா இருக்கும் இடமும் மாறிக்கொண்டிருந்தது. கப்பலில் இல்லை அது. கப்பலுக்குப் பின்னால், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகிக்கொண்டு, மிதவை போன பக்கமாக.

தாடிக்காரன் நாய் மாதிரி மூச்சு வாங்கியது அப்போதுதான் உறைத்தது. காலை முழுக்க அவன் பார்த்த மூச்சு அது இல்லையே. அது நிதானமான மூச்சு. குளிர்ந்துகொண்டே போகிற ஓர் உடம்பின் மூச்சு. அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், வேறு ஒருவனை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கோடு இறங்கியது. நின்றது. அவன் காத்திருந்தான். இனி ஏறாது என்று நினைத்த பிறகு ஏறியது.

அவன் சிகிச்சை அறைக்குப் போனான். தாடிக்காரன் போர்வைக்குள் உட்கார்ந்து ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் சமையல்காரர், பிள்ளைக்கு ஊட்டுகிற முகத்தோடு.

"அண்ணே, அந்த டப்பா எங்க?" என்று பலூன்காரன் சாதாரணமாகக் கேட்டான்.

"எந்த டப்பா?"

"வெள்ளையா, மேலேருந்து விழுந்துச்சே இன்னிக்குக் காலையில."

"அதுவா. அது அவன் எடுத்து வச்சிக்கிட்டான்." வாயில் ரொட்டியோடு சொன்னான். "உள்ள ஏதோ கதகதன்னு இருக்குதுன்னு சட்டைக்குள்ள..."

அங்கே நின்றான். ரொட்டி மெல்லுவதும் நின்றது.

"யாரு எடுத்து வச்சிக்கிட்டது?" என்றார் சமையல்காரர். அவருக்கு விஷயம் இன்னும் விளங்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

தாடிக்காரன் சூப் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாளைக்கு முன்னாடி செத்தவன்," என்றான் பலூன்காரன், "இன்னிக்குக் காலையில கையை நீட்டி எடுத்திருக்கான் மச்சான்."

முதுகு வலியை மறந்து அவன் ஏணிப்படிகளில் ஏறினான். கேப்டன் ஜன்னல் ஓரம் காபியோடு நின்றிருந்தார். கேட்டுவிட்டு, காபியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நீதானே தொட்டுப் பாத்த?"

"ஆமா சார். நான்தான் பாத்தேன். என் கைக்குத் தெரியல."

"போசனும் பாத்தாரு. வெறச்சிப் போயிருந்துச்சுன்னாரு."

"குளுருல வெறச்சிருக்கு. டப்பா இன்னும் மூச்சு விடுது சார். ஆளு நம்மளைப் பாத்துக்கிட்டே கெடந்திருக்கான். நாம பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டே கெடந்திருக்கான்."

கடைசியில் சொன்னது எதற்கு என்று அவனுக்கே தெரியாது. சொன்ன பிறகு அந்த அறையில் யாரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி திறந்த கண், இமைக்காத கண். விட்டுடுங்க என்று ஒருவன் சொல்ல, சரி என்று இரண்டு பேர் ஏணியில் ஏறிப்போக, அதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டு கிடந்த கண்.

கேப்டன் தானே சுக்கானைத் திருப்பச் சொன்னார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

பலூன்காரன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எண்களை ஒலிபெருக்கியில் மேலே சொல்லிக்கொண்டிருந்தான். இருபது. பத்தொன்பதரை. மூச்சு இருக்கிறது. மூச்சு இருக்கிறது. சமையல்காரர் பின்னால் வந்து நின்று, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளை கூட்டத்தில் பிடித்துக்கொள்கிற மாதிரி. இருபது வருடமாக அவர்களுக்குள் இருந்த கேலி எல்லாம் எங்கோ போயிருந்தது.

"பேட்டரி எவ்ளோ தாங்கும் மாப்ளே?"

"மத்தியானம் வரைக்கும்."

"இப்ப என்ன மணி?"

கோடு இறங்கியது. நின்றது. நின்றபடியே இருந்தது. பிறகு வெப்பக் கோடும் நின்றது. எண்கள் இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கோடுகள் வந்தன. சிக்னல் இல்லை.

அது பேட்டரி செத்ததா, ஆள் செத்ததா என்று திரை சொல்லவில்லை. இரண்டுக்கும் அதனிடம் ஒரே அடையாளம்தான்.

கடைசியாகச் சொன்ன இடத்துக்குப் போய் கேப்டன் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். நடுக்கடலில் கப்பல் இன்ஜின் நின்றால் வருகிற அமைதி வேறு மாதிரி. இன்ஜின் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்களுக்குக் காதுக்குள் பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். எல்லாரும் தளத்தில் வரிசையாக நின்றார்கள். யாரும் இருமவில்லை. வெள்ளை மட்டும். தண்ணீர் இரும்பை நக்குகிற சத்தம் மட்டும்.

பலூன்காரன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணுக்குள் கோடு ஏறி இறங்கியது. அவனால் அதை நிறுத்த முடியவில்லை. அவன் மூச்சும் அதனோடு போயிற்று, இழுத்து, நிறுத்தி, விட்டு. ஒரு தடவை விட்டபோது அந்தச் சத்தம் தன் மூக்கிலிருந்து மட்டும் வரவில்லை என்று பட்டது. கீழேயிருந்தும் வந்தது. காற்றுப் போகிற ஒரு மெல்லிய சீற்றம். விட்டு விட்டு.

"கீழ," என்றான். "நமக்கு நேர் கீழ."

மிதவை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கிழிசலில் காற்று போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தண்ணீருக்குள் சரிந்து, கூரைத் துணி படிந்து, சாம்பல் நிறத் தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்தது. அந்தச் சீற்றம் இல்லாவிட்டால் அதன்மேலேயே கப்பல் ஏறிப் போயிருக்கும்.

இந்தத் தடவை போசன் முதலில் இறங்கினார். அந்த ஆளை அவர் தூக்கவில்லை. தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு மேலே வந்தார். தளத்தில் கிடத்தியதும் பலூன்காரன் அந்தக் கனத்த சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். உள்ளே வெள்ளை டப்பா. நூலை அதன்மேல் ஒழுங்காகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. மூக்கு கழுத்துப் பக்கமாக, வாய்க்கு நேராக வளைந்திருந்தது. அவன் தன் காதை அந்த நெஞ்சில் வைத்தான். சுற்றி நின்ற ஆண்களெல்லாம் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்து அவன் கையை உயர்த்தினான்.

மத்தியானம் முழுக்க அந்த ஆளுக்கு மாற்றி மாற்றிச் சூடு கொடுத்தார்கள். சமையல்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து போர்வைக்குள் படுத்துக்கொண்டார். அன்று கப்பலில் யாருக்கும் மத்தியானச் சாப்பாடு இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. சிகிச்சை அறையில் இரண்டே கட்டில். வேறு இடமில்லாததால் தாடிக்காரனும் அங்கேதான். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கேப்டன் வந்து கேட்டபோது திரும்பாமலே சொன்னான்.

"அவன் கண்ணைத் தொறந்துகிட்டுதான் தூங்குவான். பேச மாட்டான். செத்துட்டான்னுதான் நெனைச்சேன் சார்."

"காலையில டப்பாவை எடுத்தானே, அப்பவுமா?"

தாடிக்காரன் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டான். கேப்டன் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கரையிலிருந்து செய்தி வந்திருந்தது. காலை அளவின் கடைசிப் பகுதியில் கடல்மட்ட வெப்பம் இருபத்தாறு என்று வந்திருக்கிறது. முன்பு செய்த அதே தவறு. டப்பாவைச் சட்டைக்குள் வைக்கக் கூடாது என்று உங்கள் ஆளுக்கு மறுபடி சொல்லுங்கள். கேப்டன் அதைப் பலூன்காரனிடம் நீட்டினார்.

"என்ன பதில் போடட்டும்?"

அவன் யோசித்தான். "இனிமே வைக்க மாட்டான்னு போடுங்க சார்."

பலூன் ஊதும் நேரம் ஆகிவிட்டது. அதற்கு முன் ஒரு தடவை சிகிச்சை அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தான். சமையல்காரர் போர்வைக்குள்ளேயே தூங்கிப்போயிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒல்லி ஆளின் கண் திறந்திருந்தது. இப்போது இமைத்தது. உதடு அசைந்தது. பலூன்காரன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"அவன் தூங்கிட்டானா?" என்றது அந்தக் குரல், காற்றாக.

அடுத்த கட்டிலில் தாடிக்காரன் சுவரைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தான். மூச்சு விடுகிறானா என்றுகூடத் தெரியவில்லை.

"ஆமாண்ணே, தூங்குறாப்ல."

"இல்ல," என்றது குரல். "நீங்க போகாதீங்க."

பலூன்காரன் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தான். கரையில் யாரோ சாயங்கால அளவுக்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும். ஒரு பக்கம் நிதானமான மூச்சு, ஏறி, நின்று, இறங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டாமல் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.